காதுக்கு எட்டு ஜிபி

வரும் ஞாயிறு மகளுக்குக் காதுகுத்து. கேமராவுக்கு மெமரி கார்டு வாங்க இன்று காலை மந்தாரக்குப்பம் போனேன். விசேஷத்தைச் சொல்லி 32 ஜிபி ஒன்று கேட்டேன்.

கடைக்காரர் கார்டை எடுக்கவில்லை. "எந்த மாமன் மடியிலங்க குத்துறீங்க?" என்றார்.

எனக்கு இரண்டு மச்சான்கள். பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ், ஒரே ஷிப்ட், ஒரே பஸ். ஏழு வருடமாக இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அதைச் சொன்னேன்.

"அப்ப எட்டு ஜிபியா ரெண்டு வாங்கிக்கங்க. ஒரே கார்டுன்னா சின்னவரு பிரிண்ட் போட எடுத்துக்கினு போவாரு. ஸ்டூடியோவுல ஒக்காந்துகினு பெரியவரோட போட்டோ எத்தினின்னு எண்ணுவாரு."

நியாயமாகப் பட்டது. ஒரு காதுக்கு எட்டு ஜிபி என்று வாங்கி வந்தேன்.

மனைவி இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எங்க அண்ணனும் தம்பியும் சேந்து நின்னா எதுல எடுப்பீங்க?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

திரும்பவும் மந்தாரக்குப்பம் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் டிராயருக்கு அடியிலிருந்து ஒரு 2 ஜிபியைத் தேடி எடுத்தார்.

"ஒரு போட்டோவுக்கு இது தாராளங்க."

ஆகவே நண்பர்களே, திங்கட்கிழமை ஒரு 2 ஜிபி கார்டு விற்பனைக்கு வரலாம். உறையே பிரிக்காதது. வேண்டியவர்கள் கீழே சொல்லி வையுங்கள்.

கிடைக்காமல் போனால் என்னைத் திட்டக்கூடாது.