குவைத்துக்குப் போன பதில்

லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, செல்போனைத் துப்பட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார். நான் அணு இயற்பியல் படித்தவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

“ஈரான் அணுகுண்டு செய்யுதுன்னு உலகமே பயப்படுதாம். டிவிக்காரன் கத்துறதுல ஒண்ணும் வெளங்கல. எம்மவன் பக்கத்துல குவைத்துல இருக்கான். வேலைய வுட்டுட்டு வந்துடவான்னு கேக்குறான். நீ சொல்லும்மா, ஆபத்து வருமா?”

எனக்கு யுரேனியம் தெரியும். நாடுகள் என்ன செய்யும் என்று தெரியாது. ஆனாலும், “ஒண்ணும் ஆகாதுங்க” என்றேன்.

உடனே மகனை அழைத்தார். “டிக்கெட் போடாதப்பா. அதையே படிச்ச பொண்ணு சொல்லிட்டா.”

இறங்கும்போது என் தலையில் கைவைத்து துஆ செய்தார். எனக்குத் தெரியாது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

செய்தியில் குவைத் என்று கேட்டால், முகம் தெரியாத அந்த மகனைத்தான் நினைக்கிறேன்.