டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி

கல்யாணமான முதல் மாதத்திலேயே என் வீட்டுக்காரரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன். அதற்குத் தண்டனையாக ஆறு வருஷம் மனு எழுதினேன். இரண்டையும் நானாகத்தான் செய்தேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எங்கள் கல்யாணமும், புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்ததும் ஒரே வருஷம். இதில் எது பெரிய தொல்லை என்று என் மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். திருமயத்திலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளிய ஊர். வீட்டில் மாமனார், அவருடைய ஒரே மகன், நான். அந்த மகன்தான் என் வீட்டுக்காரர். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. மலைப்பாதையில் கோவேறு கழுதைகளை ஓட்டிப் போகிற கம்பெனி. ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: கழுதை மேய்த்தது.

ஒரு சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் தானாகப் பேச ஆரம்பித்தார். மழைக்காலம், ஆற்றில் வெள்ளம், அக்கரையிலிருந்து சுடுகிறார்கள், காயம்பட்ட இரண்டு பேரைக் கழுதை மேல் கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்தேன், அதற்காக எனக்கு ஓர் இலை கொடுக்க உத்தரவாச்சு என்றார்.

"எலையா? பந்தி போட்டாகளா?" என்றேன்.

"வெண்கலத்துல எலை. மெடலோட சேத்துக் குத்திக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை வாத்தியார்கள் அடித்தும் போகாத குணம். கழுதையும் இலையும் சேர்ந்து என் கண்ணுக்குள் வந்து நின்றதில், அரிசிப் பானை மேலேயே சாய்ந்து விழுந்து சிரித்தேன். அவர் எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து, பட்டாளத்திலிருந்து வெளியே அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வந்தார். விருதுகள் என்று போட்ட இடத்தில் "இல்லை" என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. எழுத்துக் கூட்டி நான்தான் வாசித்தேன். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. புத்தகத்தை மூடினார். அன்றோடு சண்டைப் பேச்சையும் மூடிவிட்டார். ஊரில் ஏற்கெனவே அவர் சொல்வதை வெறும் பீத்தல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது வீட்டிலும் அதே ஆயிற்று.

அடுத்த வருஷம் தபால்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். மேலே மாமனார் பெயர், அதன்கீழ் ஒரு பட்டாள நம்பர். உள்ளே இரண்டு மெடல், கலர் ரிப்பன், பிறகு சத்தியமாக, வெண்கலத்தில் ஓர் இலை! கட்டை விரல் நகம் அளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமனாருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. "எம் பேருக்குத்தான வந்துருக்கு?" என்று பெட்டியை மடியில் கட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். பட்டாளத்தில் ஆள் எடுத்த அன்று இவரைப் பெயர் கேட்டிருக்கிறார்கள். பெரிய மனிதர் எதிரே நின்று பெயர் சொல்வதென்றால் எங்கள் பக்கத்தில் அப்பன் பெயரைச் சொல்லி, மகன் என்று சேர்த்து, பிறகுதான் தன் பெயர் வரும். இந்தி பேசுகிற குமாஸ்தா முதலில் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டான். நாலு வருஷமும் இவர் அப்பன் பெயருக்கு 'ஆஜர்' சொல்லியிருக்கிறார். "கூப்புடும்போதெல்லாம் அப்பா ஞாவகம் வரும், நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். வெளியே அனுப்பும்போது வேறு குமாஸ்தா சரியான பெயரை எழுதிவிட்டான். ஆக, மெடல் அப்பாவுக்கு, "இல்லை" மகனுக்கு.

மாமனார் அதுவரை மேலுக்குத் துண்டு தவிர எதுவும் போட்டறியாதவர். மெடல் குத்த இடம் வேண்டுமே என்று அறுபது வயதில் முதல் சட்டை தைத்தார். சந்தைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். முதல் வாரம் "எம் மகன் வாங்குனது" என்று சொன்னார். இரண்டாம் வாரம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் யாரோ "மிலிட்டரி ஐயா, வாங்க" என்று கூப்பிட, இவர் திரும்பிப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டார். பர்மாவில் குளிர் எப்படி என்று கேட்டவனுக்கு, "கடுமைதான்" என்று பதில் வேறு. நான் அடுப்படிக்குள் ஓடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஊர் என்ன சொல்லும்? அப்பனுக்கு ஏதோ தவறி வந்த மெடலை மகன் தன்னுடையது என்று பீற்றுகிறான், புத்தகத்தில் ஒன்றும் இல்லையே என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் என்னிடம், "மெடலை அப்பா வச்சுக்கட்டும், அவுக சந்தோசமா இருக்காக. அந்தப் பொஸ்தகத்துல 'இல்லை'ய அடிச்சிட்டு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நான் பொய் சொல்லலன்னு இருக்கணும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் முதலில் அவரைப் பொய்யர் ஆக்கியவள் நான்தானே.

அன்றே பேனாவை எடுத்தேன். வடக்கே இருந்த பட்டாள ரிக்கார்டு ஆபீசுக்கு அவர் பெயரில் மனு. ஆட்சேபணை இல்லை என்று மாமனார் பெயரில் ஒரு மனு, அவர் கைநாட்டோடு. புதுக்கோட்டையில் டைப் அடிக்கிற கடையில் கொடுத்து இங்கிலீஷ் ஆக்கி, என் தமிழ் மனுவையும் கூடவே குத்தி அனுப்புவேன். பதில் வரும்: இது எங்கள் பிரிவு அல்ல. அடுத்த பிரிவுக்கு எழுதுவேன். மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு நாலு மனு, இளையவனை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து மனு. கடைசியில் ஒரு பதில் வந்தது. ஒரே நம்பருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதால் சண்டைக்குப் போனது யார் என்று தாலுகா ஆபீசில் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறோம் என்றிருந்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நாலு நடை ஓடினேன். விசாரித்தால் முடிந்தது, இதில் என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு மூன்று பேரும் திருமயம் போனோம். மாமனார் மெடலைப் புளி போட்டு விளக்கிக் குத்திக்கொண்டு வந்தார். தாசில்தார் கண்ணாடியைத் தூக்கி அவரை ஒரு தடவை, அந்தச் சட்டையை இரண்டு தடவை பார்த்தார்.

"பெரியவரே, நீங்க பட்டாளத்துல இருந்தீங்களா?"

"இருந்தேனான்னு சர்க்கார் என்னைக் கேட்டா எப்படிங்க? சர்க்கார்தான மெடல் அனுப்புச்சு!"

"பர்மா எங்க இருக்கு?"

மாமனார் ஜன்னல் பக்கம் தாடையை நீட்டினார். "அங்கிட்டு. மீமிசல் போயி, கடலைத் தாண்டணும்."

தாசில்தார் யோசித்தார். தவறென்றும் சொல்ல முடியாதுதான். பிறகு என் வீட்டுக்காரரிடம் பட்டாள நம்பரைக் கேட்டார். அவர் விறைப்பாக நின்று கடகடவென்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மாமனாரும் அதே நம்பரைக் கடகடவென்று சொன்னார். பெட்டி மேல் இருந்ததை யாரையோ வாசிக்கச் சொல்லி ஆறு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்! நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் குலுங்கியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரவுகதான் போனாகன்னு மனுவுல தெளிவா எழுதியிருக்குங்க" என்றேன்.

அவர் ஃபைலைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "அதான்மா சங்கடம். மகன் மனு, அப்பா மனு, எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து. யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"அப்ப எழுத்தை வச்சு நான் முடிவு பண்ண முடியாது. நீ வாயால சொல்லு. போனது யாரு? பேரைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது, அது மரியாதைக்காக. இந்த ஃபைலில் இருப்பதே அந்த இரண்டு பெயர்கள்தான். மனுவில் நூறு தடவை எழுதியிருக்கிறேன், கை கூசியதில்லை. வாய் மட்டும் வரமாட்டேன் என்றது.

"பழநியில இருக்கிற சாமி பேருங்க" என்றேன்.

"சரி. ஒன் மாமனார் பேரு?"

"அவுகளுக்கும் அந்தச் சாமிதாங்க. அது வேற பேரு."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அந்தச் சாமிக்கு எத்தனை பேரு இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? போனது யாருன்னு எனக்குத் தெரியுது. ஒன் மாமனாரைப் பார்த்தாலே தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே! நீ சொல்லலைன்னா, ஆள் அடையாளம் நிச்சயமில்லைன்னு எழுதி முடிச்சிருவேன்."

ஆறு வருஷ மனுவும் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பர்மாவுலயே போயிருக்க வேண்டிய ஆயுசு" என்றார் மெதுவாக. "கொஞ்சம் கொறஞ்சா என்ன? சொல்லுத்தா."

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். போனது இன்னார் இல்லை, இன்னார்தான் என்று இரண்டு பெயரையும் கணீரென்று சொன்னேன். அந்த மூச்சு போதாமல் இன்னொரு தடவையும் சொன்னேன். அடைத்த மடை உடைத்துக்கொண்ட மாதிரி சந்தோஷம் பொங்கிற்று. குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெயர்களை இங்கே கேட்காதீர்கள். அன்று சொன்னதே போதும்.

மாமனார் மருமகள் வாயால் தன் பெயரைக் கேட்டு மலைத்துப்போய் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொன்றாக மெடலைக் கழற்றி மகன் கையில் வைத்து, "நான் சும்மா காவல்தாப்பா காத்தேன்" என்றார். என் வீட்டுக்காரர் அவற்றை அப்பாவின் சட்டையிலேயே, அதே இடத்தில் திரும்பக் குத்திவிட்டார். தாசில்தார் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "நான் எதையும் பார்க்கலை" என்றார்.

ஐந்து மாதம் கழித்து, புத்தகம் திருத்தி வந்திருக்கிறது என்று தாலுகா ஆபீஸ் ஆள் வந்து சொன்னார். என் வீட்டுக்காரரும் நானும் மட்டும் போனோம். "இல்லை" சிவப்பு மையால் அடிபட்டு, மேலே முத்திரையோடு ஒரு வரி இருந்தது. கூடவே, அந்தக் காலத்தில் அவருடைய கேப்டன் எழுதிய சிபாரிசின் நகல் ஒன்றும் வந்திருந்தது. தாசில்தாரே அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார். வெள்ளத்தில் நாலு முறை திரும்பிப் போனார், காலில் குண்டுக் காயத்தோடு கடைசி முறை போனார், மொத்தம் ஒன்பது பேரைக் கரை சேர்த்தார் என்று அதில் எழுதியிருந்தது.

கெண்டைக்காலில் இருந்த தழும்பைப் பற்றி நான் கேட்டபோது, கழுதை உதைத்தது என்று சொல்லியிருந்தார்.

கோட்டைச் சுவர் ஓரமாகப் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். அவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பேருன்னுதான என்கிட்டச் சொன்னீக?"

"ரெண்டுக்கே நீ அரிசிப் பானை மேல விழுந்தே. ஒம்போதுன்னு சொல்லியிருந்தா பானை மிஞ்சியிருக்குமா?"

பஸ் வந்து நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். அந்த ஆத்துக் கதையை முதலிலிருந்து சொல்லுங்க, ஒன்பது பேரில் ஒரு ஆளை விடாமல் சொல்லுங்க என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அது அவருக்குப் போதவில்லை.