கறுப்புப் பசுவுக்குச் செவலைக் கன்று

இன்று வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா போனில் ஒரு கன்றுக்குட்டியைக் காட்டினார். நல்ல செவலை.

"பசு கறுப்பு. போட்டது கறுப்புக் காளையோட சினை ஊசி. கன்னு மட்டும் எப்படிங்க செவலை? எதிர்வூட்டு அண்ணனோட செவலைக் காளைதான் வேலி தாண்டியிருக்குது. நல்லா கேட்டுட்டேன். நாலு நாளா பேச்சே இல்ல. ஞாயித்துக்கெழம அவரு பொண்ணுக்கு வளைகாப்பு, அதுக்கும் போறதில்லன்னு இருக்கேன்."

நான் உயிரியல் டீச்சர். சும்மா இருக்க முடியுமா?

"கறுப்பு ஓங்குபண்புக்கா. செவலை ஒடுங்குபண்பு, கறுப்போட சேர்ந்தா மறைஞ்சுக்கும். பசுகிட்டயும் ஊசி போட்ட கறுப்புக் காளைகிட்டயும் ஆளுக்கொரு செவலை ஜீன் ஒளிஞ்சிருந்து, ரெண்டும் கன்னுக்கு வந்துட்டா அது செவலைதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. உடனே ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"அண்ணே, உங்க காளை மேல தப்பில்லியாம். டீச்சரம்மா சொல்றாங்க."

"அது வாங்கும்போதே காயடிச்ச மாடும்மா! எங்க என்னைப் பேசவுட்ட நீ? சரி சரி, ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துடு."

பஸ்ஸே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பாதி வழி மரபியல் நடத்திய என்னைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் பக்கம் இப்படி நிறத்தால் வந்த சண்டை ஏதும் இருந்தால் சொல்லுங்கள், டீச்சர் சும்மாதான் இருக்கிறேன்.