அக்கா வைத்துவிட்டுப் போன எழுத்தளவு

என் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல எதுனா மாத்தினியாடா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். மாற்றியிருந்தேன். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் எடுத்த முடிவுகளால் அவளுடைய இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் எழுதாமலேயே விட்டுவிடுவேன்.

நான் பிரெஞ்சு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்தபின் கருவடிக்குப்பத்து வீட்டில் தனியாக இருந்தேன். அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்களூரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அத்தானோடு பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, அவரும் போன பிறகு ஊர் திரும்பினாள். "ரெண்டு பேருக்கு எதுக்குடா ரெண்டு அடுப்பு" என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் பெட்டியோடு என் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எழுபது தாண்டிய என்னை இன்றைக்கும் தெருவில் எல்லார் காதிலும் விழும்படி "டேய்" என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் படிப்பவள் அவள். அதற்குத் திங்கட்கிழமையே தயாராக ஆரம்பித்துவிடுவாள். வேதாகமத்தின் அச்சு அவள் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டதால், எங்கள் கோயில் பங்கின் இணையப் பக்கத்தில் வரும் வாசகத்தைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு தினமும் காலையில் வாய்விட்டுப் படிப்பாள். எங்கே நிறுத்துவது, எந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று எனக்கும் சேர்த்துப் பாடம் நடக்கும்.

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிற வியாதி அவளுக்கு. நேரான கம்பி வளைந்து தெரியும். மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். துணைக்கு என்னை அழைத்துப்போக மாட்டாள். "ஊசி எங்கண்ணுல எறங்கும், மயக்கம் உனக்கு வரும். அப்புறம் ரெண்டு கட்டில் கேக்கணும்" என்பாள். தெரிந்த ஆட்டோக்காரர் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். வந்ததும் கண்ணில் கட்டோடு அன்றைக்குப் படுத்துவிடுவாள்.

பங்கின் இணையப் பக்கத்தை அமைத்தவர் எங்களூர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அக்காவுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். "கன்ட்ரோல அமுக்கிக்கிட்டு பிளஸ்ஸ தட்டுங்கம்மா. தட்டத் தட்ட எழுத்து பெருசாகும். ஒருதடவ வெச்சிட்டீங்கன்னா அந்தப் பக்கத்துக்கு அதே அளவு ஞாபகம் இருக்கும். தினம் தட்ட வேணாம்."

அக்கா ஐந்து முறை தட்டினாள். எழுத்து இரண்டு மடங்கு பெரிதானது. "வுவாலா" என்றாள். 'அவ்வளவுதான், முடிந்தது' என்பதற்குப் பிரான்சிலிருந்து அவளோடு வந்த சொல் அது.

அந்தப் பக்கத்தின் வடிவம் என்னுடையது. இடது ஓரத்தில் கோயில் படம், நடுவில் தமிழ், வலதில் பிரெஞ்சு. தமிழும் பிரெஞ்சும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பிரெஞ்சுப் பகுதி முழுவதும் நானே எழுதுவது. "சார், இப்படி அகலத்த இறுக்கிக் கட்டினா, பெருசு பண்ணிப் படிக்கறவங்களுக்கு வரி வெளிய போயிடும். வரிய உள்ளயே மடங்க விட்டுடலாமா?" என்று அவர் அப்போதே கேட்டார். மடங்கினால் பிரெஞ்சு தமிழுக்குக் கீழே போய்விடும். வேண்டாம் என்றேன்.

அதனால் அக்கா பெரிதாக்கிய எழுத்தில் ஒவ்வொரு வரியும் பாதியிலேயே திரைக்கு வெளியே போய்விடும். அடியில் இருக்கும் பட்டையை வலப்பக்கம் தள்ளி மீதியைப் படித்து, மறுபடி இடப்பக்கம் இழுத்து அடுத்த வரியைத் தேட வேண்டும். "இந்த வரி எங்கடா முடியுது, வில்லியனூர்லயா?" என்று கூடத்திலிருந்து கத்துவாள். நான் சிரிப்பேன். எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தில் எனக்கு வேலை இருக்கும். அடுத்த மாத அறிவிப்புகளைத் திருத்த வேண்டும். அக்கா ஊசி போட்டுக்கொள்ளும் நாளில்தான் கம்ப்யூட்டர் எனக்கு முழுதாகக் கிடைக்கும் என்பதால் அந்த வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்வேன். திறந்தால் சுவரொட்டி எழுத்து. என் பிரெஞ்சு கண்ணிலேயே படாது. எரிச்சலோடு கன்ட்ரோலையும் பூஜ்யத்தையும் அமுக்குவேன். பக்கம் பழைய அளவுக்கு வந்துவிடும். திருத்தி முடித்து எழுந்து போய்விடுவேன். திரும்ப ஐந்து தட்டு தட்டி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருமுறைகூடச் செய்யவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கி வைத்தபின் வந்த முதல் ஊசிக்கு மறுநாள் காலை, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியை அவள் கூடத்திலிருந்து கேட்டாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய நாற்காலியை நகர்த்தியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு பாட்டு வேண்டாம் என்று "இல்லக்கா" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு எந்த மாதமும் அவள் கேட்கவில்லை. நானும் அதை மறந்தே போனேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசகம் படிக்க வேறொரு பெண் எழுந்து போனாள். அக்கா பெஞ்சிலேயே மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னிடம் வந்து, "அக்காவுக்குக் கண் அவ்வளவு மோசமாயிடுச்சா? நீங்க சொல்லவே இல்லையே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஆமா, நாந்தான் போய்ச் சொன்னேன். எனக்குக் கண்ணு போவுது, வேற ஆள வெச்சிக்கங்கன்னு."

"யாருக்கா சொன்னது கண்ணு போவுதுன்னு? டாக்டரா?"

"டாக்டர் இன்னா சொல்றது. நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரியாதா?" சேலை முந்தானையை மடித்தபடியே நிதானமாகச் சொன்னாள். "மொத தடவ அஞ்சு தட்டு தட்டி வெச்சேன். ஊசி போட்டு மறுநாள் பாத்தா எழுத்து எறும்பாட்டம் கெடக்குது. நீ ஒண்ணும் மாத்தலன்னு சொன்ன, அப்போ கொறஞ்சது எங்கண்ணுதானே. இன்னும் அஞ்சு தட்டினாதான் தெரிஞ்சுது. அடுத்த ஊசிக்கு இன்னும் அஞ்சு. ஒவ்வொரு ஊசிக்கும் அஞ்சஞ்சா எறங்குது. ஊசிதான் கண்ணக் கெடுக்குதுன்னு நெனச்சி நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? மாசா மாசம் ஆட்டோல போனியே?"

"தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போனேன். படகுல மீன் வந்து எறங்கறதும் ஏலம் போடறதும்... கண்ணு இருக்கும்போதே பாத்துக்கலாமேன்னு. வஞ்சிரம் வாங்கியாந்தேனே, நீகூட முள்ளு உறுத்துற வரைக்கும் தின்னியே."

தின்றேன். கண்ணில் கட்டு இல்லையே என்று கேட்டதும் நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் கட்டு போடுவதில்லை என்று சொன்னாள். அதற்குமேல் விசாரிக்காமல் இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் ஹார்பரில் நின்ற நேரத்தில்தான் நான் இங்கே உட்கார்ந்து கன்ட்ரோலையும் பூஜ்யத்தையும் அமுக்கியிருக்கிறேன்.

"ஊசி போடலன்னாலும் மறுநாள் எறும்பாதான் கெடந்துது" என்றாள். "போட்டாலும் போவுது, போடலன்னாலும் போவுது. சரி, கடவுள் குடுத்தாரு, எடுக்கறாரு. வா, சாப்புடு."

அவள் எண்ணிக்கொண்டிருந்தது அவள் கண்ணை அல்ல, என் விரலை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோறு எதிரில் இருந்தது. குழம்பு ஊற்றினாள், சாப்பிட்டேன். என்னுடைய முதல் தவறை அலட்சியம் என்று யாராவது மன்னிக்கலாம். அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஊசி தள்ளிப்போகிறது என்று தெரிந்துகொண்டே இருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள். "டேய், வாசகத்த நீ படி, நான் கேட்டுக்கறேன். மேடையில இல்லன்னாலும் மனசுல இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். பக்கம் அவள் வைத்துவிட்டுப் போன பெரிய எழுத்தில் இருந்தது. அதைச் சின்னதாக்க என் கை போகவில்லை. அப்படியே படிக்கத் தொடங்கினேன். பாதி வரி. பட்டையைத் தள்ளினேன். மீதி வரி. திரும்ப இழுத்தேன். எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. படித்ததையே மறுபடி படித்தேன். ஒரு வரியைத் தாண்டிப் போனேன். என் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. அப்படியும் அந்தச் சின்ன வாசகத்தை என்னால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. மாதக்கணக்காக இதைத்தான் அவள் கசிகிற கண்ணோடு, தினமும், சத்தமாகப் படித்திருக்கிறாள்.

"இன்னா வாத்தியாரே, திக்கறே?" என்று சிரித்தாள்.

சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை.

"அப்போ எங்கண்ணு?" என்றாள்.

அவளே எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் என்னை வராதே என்று சொல்லவில்லை.

வலது கண் தப்பியது என்றார் டாக்டர். இடது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி அது திரும்பாது என்றார். ஊசி நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. "ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "உன்னக் காப்பாத்தறதுக்கு ஒண்ணும் சொல்லல. கம்ப்யூட்டர்ல தட்டுன கணக்க வெச்சிக் கண்ண அளந்தவளாம்னு ஊருல என்னத்தான் சிரிப்பாங்க."

அன்று மாலையே மேட்டுப்பாளையம்காரருக்குப் போன் செய்தேன். வரியை மடங்க விடச் சொன்னேன். "பிரெஞ்சு கீழ போயிடுமே சார்" என்றார். போகட்டும் என்றேன். இப்போது எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடங்கி இறங்குகிறது. பக்கவாட்டில் எதையும் தள்ள வேண்டாம். கீழே உருட்டிக்கொண்டே போனால் போதும். கோயில் படம் தலைக்குப் போயிற்று. என் பிரெஞ்சு எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அது இடம் மாறியதாக இன்றுவரை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. என் வேலைக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக்கொண்டேன். கூடத்துக் கம்ப்யூட்டரை நான் தொடுவதில்லை.

சாமியாரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது அக்கா பிகு எதுவும் செய்யவில்லை, அடுத்த மாதமே படிக்கப் போனாள். வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறேன். நடுவே ஒரு சொல் அவளுக்குக் காணாமல் போகும். நிறுத்தி, தலையை லேசாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் அதைத் தேடிப் பிடிப்பாள். கோயிலே அந்த இடைவெளியில் அமைதியாகிவிடும். "இப்பல்லாம் ரொம்ப உருக்கமா படிக்கறீங்க" என்றார் சாமியார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. சோறு போடுகிறாள், டேய் என்று கூப்பிடுகிறாள். ஆனால் தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், "மாத்தினியாடா?" என்று கேட்கிறாள். "இல்லக்கா" என்கிறேன். இப்போது அது உண்மை. அவள் அதை ஏற்றுக்கொள்வதில்லை. கன்ட்ரோலையும் பூஜ்யத்தையும் தானே அமுக்கி எழுத்தைச் சின்னதாக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஒவ்வொரு தட்டையும் எனக்குக் கேட்கும்படி உரக்க எண்ணுகிறாள். முன்பு ஐந்தில் நின்றது. இப்போது ஆறு.

நான் அடுப்படியில் டீயை வடிகட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆறு என்று சொன்னபின் ஒரு கணம் இருக்கிறது, ஏழு வந்துவிடுமோ என்று. பிறகு "வுவாலா" என்பாள். டீயை வடிகட்டி எடுத்துக்கொண்டு போவேன்.