ஒன்பது நிமிட அம்மா

என் அக்காவுக்கு யார் பெயரும் மனதில் நிற்காது, மூக்கு நிற்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. கண்ணாடி பிரேமைச் சூட்டில் காட்டி, காதுக்குத் தக்கபடி வளைத்து, வந்தவர் முகத்தில் மாட்டிவிட்டு ஓர் எட்டு பின்னால் போய்ப் பார்ப்பாள். தெருவில் யாரையாவது காட்டி, "அந்த ஆளுக்கு இடது காது கொஞ்சம் கீழடா" என்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதையே சொல்லி மானத்தை வாங்கினாள்.

எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இரண்டு. இருந்த புகைப்படங்களையெல்லாம் வீடு மாறும்போது பெட்டியோடு தொலைத்தார் அப்பா. அவரும் போன பிறகு, அம்மா முகம் இந்த உலகத்தில் அக்காவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அம்மா எப்படி இருப்பார்கள் என்று நச்சரிப்பேன். சலிக்காமல் சொல்வாள். எவ்வளவு கேட்டும் எனக்கு முகம் மட்டும் கூடி வராது.

அக்கா மகள் குறும்படம் எடுப்பவள். அடையாளம், வேர், நினைவு என்று எந்நேரமும் அதே பேச்சு. அடுப்பில் பால் பொங்கினாலும் கண்ணில் படாது. தான் பார்க்காத பாட்டியைப் படமாக எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு லீவு போட்டாள்.

நடிக்க வந்த பெண் கெட்டிக்காரி. ஒரு வாய் டீ குடிப்பதை அரை நாள் எடுத்தார்கள், எனக்கு எரிச்சல். அக்கா கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருத்தியபடியே இருந்தாள்.

"சிரிக்கும்போது வாயப் பொத்திக்கணும்மா. முழுசா இல்ல, பாதி."

"இப்படியாம்மா?"

"ஆமா, அப்படியேதான்! கூப்பிட்டா டக்குன்னு திரும்பக் கூடாது. முதல்ல கண்ணு, அப்புறம்தான் தலை."

அந்தப் பெண் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். படம் ஒன்பது நிமிடம். பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதல்முறையாக எனக்கு ஓர் அம்மா கிடைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா வர மாட்டேங்கறாங்கடா."

"என்னக்கா சொல்ற?"

"கண்ண மூடினா அந்தப் பொண்ணுதான் வருது. அதே சிரிப்பு, அதே மாதிரி திரும்புது. மொகம் மட்டும் அவ மொகம்."

"படத்தக் கொஞ்ச நாள் பாக்காத, தானா சரியாயிடும்" என்றேன், பெரிய வைத்தியன் மாதிரி. பார்க்காமல் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அம்மா செத்த வயதுள்ள பெண்கள் கடைக்கு வந்தால், கண்ணாடி சரியாக உட்கார்ந்த பிறகும் விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

"இப்பதான் படத்துக்குப் பரிசு வாங்கியிருக்கா. அவகிட்டப் போய் இதச் சொல்லணுமா?"

ஒரு நூலக அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் கேள்வி நேரம். முன்வரிசையில் ஒருவர் எழுந்து அக்காவைப் பார்த்து, "அந்த நடிகை உங்க அம்மா மாதிரியே இருக்காங்களா?" என்று கேட்டார். மைக் கைமாறி அவளிடம் வந்தது. மேடையிலிருந்து மகள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அப்படியே எங்க அம்மாதான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மகள் இறங்கி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது?

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

"அம்மா இப்படி இல்லன்னு சொல்லத்தான்டா எழுந்தேன். சொன்னா, வேற எப்படி இருந்தாங்கன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட மொகம் இல்லடா. அந்தப் பொண்ணுதான் இருக்கா."