முரசுமோட்டையில் ஓர் அப்பாவி

"நில்லுங்கோ, வாறன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், வீரையா அந்த இடத்திலேயே நிற்பார். வெயிலோ தூறலோ, முரசுமோட்டைச் சந்தியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். சொன்னவர் வேறு வழியால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். மனைவி ராக்காயி தேடி வந்து கூட்டிப்போகும்போது, "பாவம், அந்தாளுக்கு என்ன கரைச்சலோ" என்று வராதவருக்காக வீரையா கவலைப்படுவார்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உடம்பில் குறையில்லை. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் மட்டும் உண்டு. மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் அதைப் பூசிக்கொண்டு வந்து நிற்பார். ராக்காயிதான் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, காலைக் காயவிடுவார்.

ஊர் அவரை அப்பாவி என்கிறது. செத்தவீட்டில் பந்தற்கால் நட ஆள் தேவைப்படும் நாளில் அந்தச் சொல்லில் தேன் வடியும். மற்ற நாட்களில் தேத்தண்ணிக் கடையில் அதே சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்கள். ராக்காயி அதற்கு ஒரே பொருள்தான் வைத்திருக்கிறார்: "அப்பாவி எண்டா மற்ற ஆக்களுக்கு வசதியான ஆள்."

இந்த மாசியில் நெல் அறுக்கும் அருவிவெட்டு நேரம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. வீரையாவின் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. சுற்றுவட்டத்தில் அன்று கிடைத்த வெட்டு மிசின் ஒன்றே ஒன்று, முறை வீரையாவுக்கு. பக்கத்து வயற்காரர் பரமலிங்கம் வரம்பில் வந்து நின்றார்.

"வீரையா, முதல் என்ரயை வெட்டட்டும். முடிஞ்ச கையோட மிசினை உங்கட வயலுக்கு விடுறன்."

"அதுக்கென்ன அண்ணை, வெட்டுங்கோ."

"இஞ்சேருங்கோ, மழை இறங்கினா நெல்லு நிண்ட இடத்திலயே முளைச்சிடும்" என்றார் ராக்காயி. "வருசம் முழுக்க எதைத் தின்னுறது?"

"அண்ணை சொன்னவரெல்லே."

வீரையா மண்வெட்டியை எடுத்தார். மிசின் இறங்க வசதியாகத் தன் வரம்பை வெட்டிச் சமன்செய்யக் குனிந்துவிட்டார்.

பரமலிங்கத்தின் வயல் முடிந்தது. மிசின் றோட்டில் ஏறி மறுபக்கம் திரும்பியது. குனிந்திருந்த வீரையா அதைக் காணவில்லை; ராக்காயி கண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குறுக்காலே நடந்து மிசினுக்கு முன்னால் போய் நின்றார்.

ஓட்டுகிற மதுசன் தலையை நீட்டினான். "அம்மா, தள்ளுங்கோ. பரமலிங்கம் ஐயா தன்ர மச்சான்ர வயலுக்குப் போகச் சொன்னவர்."

"சொல்லுவார். இண்டைக்கு ஆரின்ர முறையெண்டு உமக்குத் தெரியும். என்ர மனிசன் நம்பும், தம்பி. நான் நம்பமாட்டன். போறதெண்டா எனக்கு மேலால ஏத்திப்போட்டுப் போம்."

"உங்களோட ஆர் கதைக்கிறது" என்று மதுசன் மிசினைத் திருப்பினான். ராக்காயி வழிவிடவில்லை, வயல்வரை அதற்கு முன்னாலேயே நடந்தார். பரமலிங்கம் தன் வரம்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு நிமிர்ந்த வீரையாவின் முகம் விரிந்தது. "பாத்தியே? அண்ணை சொன்ன மாதிரி அனுப்பிப்போட்டார். நீதான் சும்மா பயந்தனி."

ராக்காயி பரமலிங்கத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஓம்" என்றார். பிறகு உரப்பை ஒன்றை எடுத்து உதறி, நெல் கொட்ட அதன் வாயை இரண்டு கையாலும் விரித்து வீரையாவுக்குப் பிடித்தார்.