மூக்கு மாற்றும் நேரம்

எந்தக் கார் கண்ணில் பட்டாலும் புனிதன் முதலில் அதன் முன்னால் குந்திவிடுவார். இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வலது கையைப் பம்பருக்கு அடியில் விடுவார். கண்கள் மூடிக்கொள்ளும், விரல்கள் மட்டும் உள்ளே நட்டுகளைத் தேடிப் போகும். ரவாங் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் செய்வார், கோலா குபு பாருவில் அரசாங்க அலுவலக வாசலில் செய்வார். செரண்டா கோயில் கல்யாணம் ஒன்றில், மாப்பிள்ளையின் மாலை சுற்றிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னாலும் அப்படியே குந்திவிட்டார்.

"அண்ணே, மாப்புள அங்க நிக்கிறாரு. நீங்க காரு கால்ல வுழுறீங்களே லா" என்றார் படம் எடுக்க வந்தவர். கூட்டம் சிரித்தது. புனிதன் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல காரு தம்பி. எங்கயும் இடிச்சிராத. மூக்க கழட்டவே ரெண்டு நாளு ஆவும்."

அதுதான் அவருடைய வாழ்த்து.

ரவாங் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பந்தயக் குழுவுக்கு அவர் தலைமை மெக்கானிக். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கார், ஒரு லோரி, மூன்று நான்கு ஆட்கள், பணம் போடுவதற்குக் கட்டடக் குத்தகைக்காரர் சிவானந்தம். ஆண்டில் சில பந்தயங்கள் ஓடுவார்கள். அவற்றில் ஓட்டுநர்கள் மாறி மாறி, பகல் முழுக்க ஓட்டும் நீண்ட பந்தயம்தான் குழுவுக்குப் பெயர் தருவது. எந்த நிறுவனத்தின் காரை ஓட்டுவது என்று ஒவ்வோர் ஆண்டும் சிவானந்தம் கேட்பார். புனிதன் ஒரு பெயரைச் சொல்வார். அதற்குமேல் பேச்சு கிடையாது. போன ஆண்டு முடிந்து நெடுநாளாகியும் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வேகமான காரைத்தான் பந்தயக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களிடம் புனிதன் முதலில் சிரிப்பார்.

"வேகமா? அத ரேஸு நடத்துறவனே சமம் பண்ணிருவான் லா. எவன் முன்னால ஓடுறானோ அவன் காருல எடைய ஏத்தி உட்ருவான். வேகத்துக்கு ஆசப்பட்டு கார வாங்குனா நீ பேயன்."

பிறகு விரல் மடக்குவார். ஜெர்மன்காரன் பந்தயத் திடலுக்கே பாகங்கள் நிறைந்த லோரியை அனுப்புகிறான். எது உடைந்தாலும் அங்கேயே கிடைக்கும், ஆனால் அவன் சொல்வதுதான் விலை. இத்தாலிக்காரனின் எஞ்சினை நாம் திறக்கவே கூடாது, குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் அவனிடமே திருப்பி அனுப்ப வேண்டும். இங்கிலாந்துக்காரனின் காரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; ஒரு சின்னக் கொக்கி உடைந்தால் அது கப்பலேறி வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

"ஷோரூம பாத்து வாங்குறவன் வேற. ஒடைஞ்சா எங்க போயி வாங்குறதுன்னு பாத்துட்டு வாங்குறவன் வேற. ரேஸுக்காரன் ரெண்டாவது ஆளு."

அந்தக் கணக்கில் புனிதனுக்கு வருடா வருடம் வந்த விடை ஜப்பான் கார். காரணம் ஜப்பானில் இல்லை. செரண்டாவின் பழைய பெருஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அங்கே ஹாஃப்-கட் பட்டறைகள் உண்டு. ஜப்பானில் ஓய்ந்துபோன கார்களை நடுவில் அறுத்து, எஞ்சினோடு கூடிய முன்பாதியை மட்டும் கப்பல் பெட்டகத்தில் ஏற்றி அனுப்புவார்கள். மீன் சந்தையில் தலைகளை அடுக்கியதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மற்ற குழுக்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டுக் காத்திருக்கும்போது, புனிதன் மோட்டார் சைக்கிளில் போய், முன்பாதியான ஒரு முழு மூக்கையே பேசி முடித்து, பின்னாலேயே லோரியில் வரவழைத்துவிடுவார்.

ஆனால் மூக்கு கிடைத்துவிட்டால் போதுமா? பழையதை அறுத்துப் புதியதைப் பற்றவைப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவே உள்ள இரும்புத் தடுப்பை ஒட்டி, காரின் முன்பகுதியை முன்னதாகவே அறுத்துவிட்டார். இரு பக்கமும் தடித்த எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துத் துளையிட்டார். இனிமேல் புது மூக்கைப் பொருத்தி நட்டுகளை முடுக்கினால் போதும். தகடு ஏன் அத்தனை தடிப்பு என்று வெல்டர் சின்னையா கேட்டபோது, "நட்டு ஓட்ட கோணாம இருந்தாத்தான் அடுத்த மூக்கு ஒக்காரும்" என்றார். விதிப்புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. மற்ற குழுக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

புனிதன் வேலை பழகியது பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில், டிராக்டர்களின் அடியில் படுத்து. டிராக்டர் நின்றால் அதன் பின்னால் போகும் ஆட்களுக்கு அன்றைய சம்பளமும் நின்றுவிடும். எதனால் உடைந்தது என்று அங்கே யாரும் கேட்டதில்லை, எப்போது ஓடும் என்றுதான் கேட்டார்கள். ஒரு மனிதனை இப்படி ஆக்குவதற்கு அந்த ஒரு கேள்வியே போதுமானதா? போதாது என்று சொல்லிவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் இன்றைக்கும் அவர் பேச்சில் அடிக்கடி வரும் சொல் 'ஓடணும்'.

அகிலனும் அதே தோட்டத்துப் பிள்ளை. செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், குழுவின் லோரியை ஓட்ட வந்தான். ஒருநாள் சோதனை ஓட்டத்துக்கு வரவேண்டியவர் வராமல்போக, காரில் ஏறினான். ஈரமான மண்பாதையில் பழ லோரியைப் பிடித்து நிறுத்தியவனுக்கு வழுக்கும் தார்ச்சாலை பயம் காட்டவில்லை. இரண்டு பருவங்கள் ஓட்டினான். ரவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அவனுடைய அம்மா நவமணி, மகனின் படம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

போன ஆண்டின் நீண்ட பந்தயத்தில், மதியத்துக்குமேல் மழை பிடித்தது. எண்ணெய் நிரப்ப உள்ளே திரும்பும் முனையில் அகிலன் ஓட்டிய கார் சறுக்கி, நேராகச் சுவரில் போய் மோதியது. குழுவின் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் புனிதன்.

நசுங்கிக் கிடந்த மூக்கின் பக்கவாட்டில் குனிந்து, டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தார். துளைகள் வட்டமாகவே இருந்தன.

"ஓட்ட கோணல சின்னையா!" என்று பின்னால் திரும்பிக் கத்தினார். "புது மூக்க எறக்கு!"

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து அகிலன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற கார்களில் அடிபட்டால் முன்பகுதி மடிந்து, அடியை வாங்கிக்கொள்ளும். இந்தத் தகடு மடியவில்லை. மடியக்கூடாது என்றுதானே செய்தது. அது தடுப்பையும் பெடல்களையும் சேர்த்து நேராகப் பின்னால் தள்ளியது. அகிலனின் இரண்டு குதிகால்களும் நொறுங்கின. அவனை ஏற்றிய ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில், ஜாக்கி வைத்துத் தள்ளி நிமிர்த்திய தடுப்போடும் புது மூக்கோடும் கார் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஓட்டுநர் பந்தயத்தை முடித்தார். பக்கத்துக் குழுக்காரர்களெல்லாம் வந்து புனிதனின் கையைக் குலுக்கினார்கள்.

அவர் மருத்துவமனைக்குப் போனது ஒரு முறைதான்.

"முடிச்சிட்டோமாண்ணே?" என்று கேட்டான் அகிலன்.

"முடிச்சிட்டோம்."

"ஓட்ட கோணலயே?"

"கோணல."

"பாத்தேன்" என்றான். "நீங்க மொத அதத்தான பாத்தீங்க." குரலில் குற்றச்சாட்டு இல்லை. குழுவின் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தவன் பேசுவதுபோலத்தான் பேசினான்.

வெளியே நடைபாதையில் நவமணி நின்றார். அழுது முடித்த முகம். காசு கேட்கவில்லை, சிவானந்தம் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நவமணி கேட்டது வேறு.

"ஏந் தம்பி, காரும் அவனும் ஒன்னாத்தான போயி இடிச்சாங்க? காரு மட்டும் எப்படி எந்திரிச்சு ஓடுச்சு?"

புனிதனின் வாய் திறந்தது. "வந்து சொல்றேன்க்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் வாயிலிருந்து காரின் பெயர் வராமல் போனது. கடைசியில் சிவானந்தமே பட்டறைக்கு வந்து, தகரப் பீப்பாய்மேல் உட்கார்ந்தார்.

"என்னா புனிதா, பேர சொல்லு. ரேஸு வந்துருச்சு."

"ஜெர்மன்காரன் காரு பழசு ஒன்னு வருது பாஸ். அத எடுத்துக்கலாமா?"

"நல்லாத்தான் இருக்கும். அவன் விளக்கு ஒன்னு ஒடைஞ்சா என் லோரிய வித்து மாத்துவியா?"

"அப்ப ஜப்பான் காரே எடுத்துக்கலாம். தகடு மட்டும் வேணாம்."

"தகடு இல்லாம மூக்கு மாத்த எவ்ளோ நேரம்?"

"அன்னைக்கி முடியாது."

"அப்பறம் எதுக்கு லா அந்தக் காரு? மூக்கு மாத்துறதுக்காகத்தான் அந்தக் காருன்னு சொன்னதே நீதான்." சிவானந்தம் குரலைத் தாழ்த்தினார். "அகிலன் விசியமா? தகட்டுல எதாச்சும் கோளாறா? இருந்தா சொல்லு. கடைய பூட்டிருவோம். நெசமாத்தான் சொல்றேன்."

அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார். ஒரு சொல் போதும். மூலையில் சின்னையா பற்றவைக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சம்பளமும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. புனிதனைத் தடுத்தது அதுதானா? அல்லது, இத்தனை ஆண்டுகளாகத் தான் சொல்லிவந்த காரணங்களில் ஓட்டுகிறவன் ஒருதரம்கூட வரவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டி வருமே என்ற பயமா? பக்கத்தில் இருந்து பார்த்தாலும் தெரிவதில்லை.

"இல்ல பாஸ். சும்மா கேட்டேன்" என்றார். பிறகு பெயரைச் சொன்னார். அதே பெயர்.

இந்த ஆண்டு ஓட்டப்போகிறவர் கோலா சிலாங்கூரைச் சேர்ந்த நித்தியா. கோ-கார்ட் ஓட்டிப் பழகியவர், குள்ளம். இருக்கை அளவு பார்க்க வந்த அன்று, "அண்ணே, கால் எட்டல. சீட்ட இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்க" என்றார். "தள்ளிரலாம்மா" என்று சொல்லிப் புனிதன் தன் கையாலேயே தள்ளி முடுக்கிக் கொடுத்தார்.

அகிலன் இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறான். நவமணியைப் புனிதன் கடைத்தெருவில் ஒருமுறை எதிர்கொள்ள நேர்ந்தது. "வந்து சொல்றேன்னீங்களே தம்பி" என்றார் நவமணி. "வரேன்க்கா" என்றார் புனிதன். பட்டறையிலிருந்து அந்த வீட்டுக்கு மோட்டாரில் போக அதிக நேரம் ஆகாது. அந்தப் பதில் இன்னும் பாக்கி.

நேற்று பிரேக் எண்ணெயில் காற்று எடுக்கும் வேலை. யாராவது உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். புனிதன் நித்தியாவின் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். முன்னால் சின்னையா, புது மூக்கைத் தகட்டோடு சேர்த்து வைத்துப் பெரிய சுத்தியலால் ஓர் அடி அடித்தார். அடி தகட்டில் விழுந்தது. அதிர்வு பெடலில் வந்தது.

"ஒக்காந்துருச்சா?" என்று வெளியிலிருந்து கத்தினார் சின்னையா.

"இன்னும் இல்ல. அடி" என்றார் புனிதன். இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்து, இருக்கைமேல் மடக்கி, கைகளால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்.